மே மாதத்துக் காலிக் கட்டம்

அலமாரியை ஒழிக்கும்போது, ஓரங்களில் துளையிட்ட பழைய கணினித்தாள் ஒன்று கிடைத்தது. கிணற்று நீரின் உப்பளவு அட்டவணை. ஒரு வரியைச் சுற்றி உன் பென்சில் வட்டம். நீ கண்மூடி எட்டு மாதமாகிறது. உன் கையெழுத்து எதுவும் என்னிடம் இல்லை என்று நினைத்திருந்தேன். வட்டம் கையெழுத்தில் சேருமா, தெரியவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், தாம்பரத்தில் நாம் இருவரும் ஆய்வு மாணவிகள். துறைக்கு ஒரே கணினி, அதில் ஆய்வேட்டை அச்சுக்கோக்க லேட்டக் என்ற மென்பொருள். அதில் அட்டவணையை வரைய முடியாது, எழுதிக் காட்ட வேண்டும். எத்தனை கட்டம், எது ஓரமாக, எது நடுவில் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எண்ணுக்கு எண் நடுவே ஒரு & குறி, வரி முடிந்தால் இரண்டு சாய்கோடு. நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்புச் செய்தே படித்தோம். "குறி ஒண்ணு கூடுனா கத்தும்டி. குறைஞ்சா கம்முனு இருக்கும். நம்பாதே" என்பாய்.

சேலையூரிலிருந்து ஊரப்பாக்கம் வரை என் கிணறுகள் ஐந்து. ஐந்திலும் மே மாதத்தில்தான் உப்பு உச்சம் என்று அச்சான அட்டவணையைப் பார்த்து முடிவுரை எழுதியிருந்தேன். அழகான முடிவு. மறுநாள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மாலையில் நீ அதைப் படித்தாய்.

"ஊரப்பாக்கம் கிணறு மே மாசம் வத்திப்போச்சுன்னு நீதானே புலம்பின?"

"ஆமா."

"அப்போ உப்பை எப்படி அளந்த? நாக்கால நக்கிப் பார்த்தியா?"

அந்த மாதத்துக்கு எண் இல்லாததால் நான் எதையும் தட்டவில்லை, & குறியையும்கூட விட்டுவிட்டிருந்தேன். ஜூன் மாத எண் ஒரு கட்டம் தள்ளி மே மாதத்தின் கீழே உட்கார்ந்துகொண்டது.

"விடேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணா சாவியோடு எட்டிப்பார்த்தார். "இன்னா மேடம், இன்னும் கட்டம் போட்டுகினு கீறீங்க? பேஜார் பண்ணாதீங்க, பூட்டணும்."

உன் ஆய்வு அப்போது பாதிகூடத் தாண்டவில்லை. "உனக்குப் பொறாமை" என்றேன், அவர் முன்னாலேயே. நீ பென்சிலை எடுத்தாய். அந்த வரியை வட்டமிட்டுத் தாளை என் பையில் வைத்தாய்.

மறுநாள் நான் சமர்ப்பிக்கவில்லை. திருத்தி எழுத மூன்று வாரம் ஆயிற்று. நான் முகம் கொடுக்காவிட்டாலும் நீ தினமும் வந்து எதிரே உட்கார்ந்து, என் குறிப்பேட்டிலிருந்து எண்களை உரக்கப் படித்தாய். ஒவ்வொரு அட்டவணையிலும் ஊரப்பாக்கத்தின் மே வந்ததும் "காலி" என்பாய்; நான் & தட்டுவேன். நான்காம் நாள் நீ "காலி" என்றபோது, "வயிறும்தான்" என்றேன். இருவரும் டீ குடிக்கப் போனோம்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நேராக அந்தக் கட்டத்தில்தான் விரல் வைத்தார். "இது ஏன் காலி?"

"கிணறு வத்திப்போச்சு, சார்."

தலையசைத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பின்வரிசையில் நீ துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய்.

பொறாமை என்று சொன்னதற்கு நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மறந்திருப்பாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்; அதற்கும் ஆதாரம் இல்லை.

துறையில் இப்போது என்னைச் சந்தேகப் பேர்வழி என்கிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு ஒன்று கைக்கு வந்தால் உள்ளே எதுவோ உறுத்தும். மறுபடி குறிப்பேட்டைத் திறப்பேன். அந்த உறுத்தல் நீ தந்தது. இத்தனை வருடமும் அதை வைத்துத்தான் பிழைத்து வருகிறேன்.