பள்ளத்தில் நீ சொன்ன பொய்

என்னைத் தோளில் சுமந்து தேர் காட்டிய ஏழுமலை அண்ணாவுக்கு,

உன்னைக் கொன்றது இரண்டு பேர். ஒருவர் மெட்ராஸ் சார். இன்னொருவன் நான்.

போலீஸ் ஸ்டேஷன் காகிதத்தில் அப்படி இல்லை. வழி தெரியும் என்று சொன்ன கூலியாள் தவறான பக்கம் அழைத்துப் போனான், பாறையில் ஏறி விழுந்து இறந்தான் என்று இருக்கிறது. அதன் அடியில் சாட்சியாக என் கையெழுத்து. நீ மூட்டை தூக்கி என்னை ஒன்பதாவது வரை படிக்க வைத்தது இந்தக் கையெழுத்துக்குத்தானா?

ஊர்ச் செய்தி சொல்கிறேன். இந்த வருஷம் மழை பெய்துவிட்டது. கடலைக்காடு விளைந்து மண்டிக்கு மல்லாட்டை மூட்டை வருகிறது. உன் இடத்தில் நான் தூக்குகிறேன். அண்ணி கல்லுடைக்கப் போகிறார். போன வாரம் குழாயடியில் வரிசைத் தகராறு. அண்ணி, "நான்தான் மொதல்ல வந்தேன், அந்தாண்ட போய் நில்லுங்க" என்று சொன்னதற்கு ஒருத்தி, "வழி தெரியாம போயி ஒரு பெரிய மனுசன சாகக் குடுக்கப் பாத்த ஆளோட பொண்டாட்டி, நீ எனக்கு வழி சொல்றியா?" என்றாள். அண்ணி காலிக் குடத்தோடு திரும்பிவிட்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

உனக்கு நினைவிருக்கும். மழை இல்லாத அந்த வருஷம் மண்டி காலியாகக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டில் குந்தியிருந்த நம்மைத் தேடி மெட்ராஸ் சார் வந்தார். வெளிநாட்டில் பாலைவனத்துப் பள்ளங்களில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடப்பார்களாம். நம் ஜில்லாவிலும் ஜவ்வாது மலைப் பக்கம் அப்படியொரு ஓடைப்பள்ளம் இருக்கிறது, இந்த வறட்சியில் சுத்தமாக வற்றியிருக்கிறது, நாலு நாள் நடக்கலாம், சுமக்க இரண்டு ஆள் வேண்டும் என்றார். நம் பெண்கள் குடத்தோடு அலைந்த வறட்சி அவருக்கு உலாத்துவதற்கு நல்ல பருவம்.

நீ அவருடைய பையை மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "இன்னாடா இது, நாம மூட்டையப் புடிச்ச காலம் போயி மூட்ட நம்மளக் கட்டிப் புடிச்சிக்குது!" அப்புறம் தண்ணீர் கேன் இரண்டையும் ஒரு கழியில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டாய். சார் காலில் பூட்ஸ். உன் காலில் ஒன்றுமில்லை.

இரண்டு நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குப் பாறை. மேலே வேட்டியைக் கிழித்துப் போட்டது போல் ஒரு துண்டு வானம். மணல் வறுத்தது. ஒரு கேன் காலியானது.

மூன்றாம் நாள் காலை பள்ளம் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் ஒரு குன்று. சார் பின்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நீ வலது பக்கப் பள்ளத்தைக் காட்டினாய்.

"டேய் முருகேசா, அங்க ஆட்டுப் புழுக்க கெடக்குது. ஆடு போவுதுன்னா தண்ணி இருக்கும், ஆளு இருக்கும். வா."

நான் நகரவில்லை. அந்தப் பக்கம் போனால் குன்று இடது கையில் விழும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணாமலையை வலது கையில் வைத்துச் சுற்றிய கால்கள் என்னுடையவை. எனக்குப் பக்தி அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பழக்கம். "மலைய எடது கைல உட்டுட்டா போறது? எனக்கு ஒரு மாதிரி கீதுண்ணா" என்றேன்.

"இது இன்னா அண்ணாமலையாடா? சும்மா ஒரு கல்லுக் குட்டு!" என்று சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். "சரி வா. நீ மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காத."

ஆட்டுப் புழுக்கையை விட்டுவிட்டு இடது பக்கம் திரும்பினோம்.

மத்தியானம் பாறை ஒரே வழுக்காக இறங்கியது. மூன்று ஆள் உயரம். மேலே ஒரு வேரில் சார் கொண்டு வந்த கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து இறங்கினோம். சார் கயிற்றை உருவச் சொன்னார்.

"இருக்கட்டும் சார். திரும்பி வர்றாப்புல ஆச்சின்னா?" என்றாய்.

"திரும்பறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இழு."

இழுத்தாய். முன்னூறு அடிகூடப் போகவில்லை, பள்ளம் முடிந்தது. மழைக்காலத்தில் அருவி விழும் இடம். எட்டிப் பார்த்தால் அடி தெரியவில்லை. கயிறு பாதிக்குக்கூடப் போதாது. பின்னால் வழுக்குப் பாறை, முன்னால் ஆழம், பக்கத்தில் சுவர். நம் மண்டியில் மூட்டைச் சந்துக்குள் எலி மாட்டுமே, அந்த மாதிரி மூன்று பேர்.

சார் கத்தினார். "எவன்டா இந்தப் பக்கம் திரும்பச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய். "நான்தான் சார் சொன்னேன்."

"அப்ப நீயே ஏறி வழி பண்ணு."

அன்று முழுக்கக் கத்திப் பார்த்தோம். நம் குரல்தான் திரும்பி வந்தது. மறுநாள் விடிந்ததும் என் தோளில் ஏறி வழுக்குப் பாறையைத் தொட்டாய். ஏறுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து என்னைப் பார்த்தாய். கை அளவு வெடிப்பு ஒன்று கிடைத்தது. அதைப் பிடித்து இரண்டு ஆள் உயரம் போய்விட்டாய். கல் பெயர்ந்தது. என் பக்கத்தில் வந்து விழுந்தாய், இடுப்பு அடிபட.

தண்ணீர் கேட்டாய். கேன் சாரின் தலைமாட்டில் இருந்தது. "அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்கக் கூடாது முருகேசா, ஆபத்து" என்றார். சொல்லிவிட்டு அவர் குடித்தார். நான் பிடுங்கியிருக்க வேண்டும். எத்தனையோ மூட்டை தூக்கிய கை இது. ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடுங்க ஏன் எழவில்லை? சார் என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்குப் பின்னால் கையும் பழகிவிடுமா?

உச்சி வெயில் வரும்போது நீ கேட்பதை நிறுத்திவிட்டாய்.

சாயங்காலம் மேலே தழை வெட்ட வந்தவர்கள் நான் கத்தியது கேட்டுக் கயிறு விட்டார்கள். முதலில் சார் ஏறினார். அடுத்து அவர் பை. அப்புறம் நான். கடைசியில் நீ, போர்வையில்.

ஸ்டேஷனில் சாருக்கு நாற்காலி போட்டார்கள். அவர் இங்கிலீஷில் சொன்னார், ரைட்டர் தமிழில் எழுதினார். அதில் கயிறும் இல்லை, கேனும் இல்லை. கடைசியில் சார் என் பக்கம் திரும்பினார். "நான்தான் சொன்னேன்னு அவனே ஒத்துக்கிட்டான், இல்ல முருகேசா?"

ஆமாம் என்றேன். நீ அப்படிச் சொன்னது என்னவோ உண்மைதானே.

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை வைத்து உன்னைக் குற்றவாளி ஆக்கினார்கள். அதற்கு நான் சாட்சி. அன்றிலிருந்து நானும் அங்கேதான் நிற்கிறேன் அண்ணா. பகலில் மூட்டை தூக்குகிறேன், சோறு தின்கிறேன். ஆனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

இந்தக் கடிதத்தை ஊரே படிக்கும்படி அச்சுக்குக் கொடுப்பது அதனால்தான். நாளைக்குப் பயந்து பின்வாங்க முடியாதபடி இந்தத் தடவை கயிற்றை நானே உருவிவிடுகிறேன். காலையில் குழாயடியில் எல்லாரும் கூடியிருக்கும்போது அண்ணியிடம் உரக்கச் சொல்வேன். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய், கயிறும் கேனும் உள்ள வாக்குமூலம் எழுதிக் கொடுப்பேன். கிழித்துப் போட்டால் மறுபடி எழுதுவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். இது சத்தியம்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். என் தோளில் நின்றுகொண்டு குனிந்து பார்த்தாயே, அப்போது நீ திட்டவில்லை. விழுந்து கிடந்தபோதும் திட்டவில்லை. இப்போது திட்டு. "எடது பக்கம்னு சொன்னது நீதான்டா"ன்னு ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து சொல்லுண்ணா.

சொல்லு.

உன் கூடப் பிறந்தவன்,
முருகேசன்
அடி அண்ணாமலை