உன் பெட்டி மூச்சு விட்ட நாள்

போன வாரம் எங்கள் தெருவில் நெட்டு போய்விட்டது. பனமரத்துப்பட்டியில் ஏரிக்காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே போகும், புதுசு இல்லை. லைன்மேன் வந்து எங்கள் வாசலுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறினார். நான் கீரை ஆய்ந்துகொண்டே அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தில் தொங்குகிற கறுப்புப் பெட்டியை அவர் இறக்கிப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நெட்டு வருகிற கண்ணாடிக் கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்து உள்ளே வைத்து மூடுகிற ஜாயிண்ட் பெட்டி. நம் கம்பெனிப் பெட்டி. இத்தனை நாள் அதன் கீழேதான் கோலம் போட்டிருக்கிறேன், தெரியவே இல்லை.

"ஏனுங்க, அடியில நெயில் பாலிஷ்ல பொட்டு எதாச்சும் இருக்குதுங்களா, பாருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பெட்டியைத் திருப்பினார். ஆமாங்க்கா, ஊதாக் கலர் என்றார். 

ஊதா. உன்னுடையது. என் சிவப்பாக இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அதோடாவது விட்டாரா அந்த மனுஷன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை, மூடின கை நல்ல கை, கோளாறு இங்கே இல்லை, அடுத்த கம்பத்தில் என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். நீ போய்ச் சேர்ந்த பிறகும் என் வாசலில் நின்று உன்னைப் புகழ ஆள் வருகிறது. என் வீட்டுக்கு நெட்டே உன் கையைத் தாண்டித்தான் வருகிறது. வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல். அதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள், உனக்குப் பிடித்த வேலைதானே.

அயோத்தியாப்பட்டணத்துக்கு வெளியே அந்தத் தகர ஷெட்டில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். நீ அந்த ஊர்க்காரி, நடந்தே வருவாய். நான் ஜேடர்பாளையத்தில் பிறந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள், கம்பெனி வேனில் வந்து இறங்குவேன். நான் ஊடு என்றால் நீ வீடு என்று திருத்துவாய். வாரேன் என்றால் வர்றேன் என்பாய். உங்கள் ஊர் வீட்டில் என்னத்தை அதிகமாகச் சமைத்துவிட்டீர்கள் என்று நான் கேட்பேன். வீட்டம்மா என்றே உனக்குப் பேர் வைத்தேன். பக்கத்துப் பக்கத்து மேஜை. உள்ளே கம்பி படுக்கிற தட்டுகளை அடுக்கி, பள்ளத்தில் ரப்பர் வளையத்தை உட்காரவைத்து, மேல்மூடியைக் கவிழ்த்துப் பட்டையை இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அடுத்து தொட்டி இருக்கிறதே, அங்கேதான் மானம் போகும்.

பாப்பாத்தியக்காதான் தொட்டிக்காரி. பெட்டியின் ஓட்டைகளை அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிப்பாள். சரியாக மூடியிருந்தால் தண்ணீர் சும்மா இருக்கும். இல்லையென்றால் குமிழி வரும். பெட்டி மூச்சு விடுது என்று அக்கா ஒரு சத்தம் கொடுப்பாள், ஷெட்டே திரும்பிப் பார்க்கும். யார் பெட்டி என்று மறைக்கவும் முடியாது. பேனாவில் எழுதினால் தண்ணீரில் போய்விடுகிறது என்று ஆளுக்கொரு நெயில் பாலிஷ் வைத்து அடியில் பொட்டு வைத்தோம். அதுவும் உன் யோசனைதான், அதற்கும் உனக்குத்தான் பேர்.

என் பெட்டிகள் நன்றாக மூச்சு விட்டன. காரணம் என் தலைமுடி. ஒரே ஒரு முடி ரப்பருக்கு அடியில் விழுந்தால் போதும், அந்த வழியே காற்று வந்துவிடும். என் கூந்தலுக்குப் பயந்துதான் எல்லாருக்கும் தலையில் தொப்பி மாட்டினார்கள், அதற்குள்ளும் என் முடி அடங்கவில்லை. உன் பெட்டி ஒன்றாவது மூச்சு விட்டிருக்குமா? தொட்டிப் பக்கம் போனால் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய், தண்ணீரும் உன்னைப் போலவே அமைதியாக நிற்கும். வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது எனக்கென்று எதுவும் வேண்டியதில்லை, உன் பெட்டியில் ஒரு குமிழி வரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். உன்னிடமே சொன்னேன். "வேண்டிக்க, வேண்டிக்க. சாமிக்கும் பொழுது போகணும்ல" என்றாய்.

ஆனால் ஒன்று இருந்தது. கை உனக்கு என்றால் வாய் எனக்கு. நான் சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்தால் முதலில் சிரிப்பது நீ. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தால் முதல் கை என் பாத்திரத்தில் உன்னுடையது. எனக்கு நாத்தனார் இருக்கிறாள், ஓரகத்தி இருக்கிறாள், ஆனால் எனக்கென்று ஒருத்தி என்றால் அது நீதான். உனக்கும் அப்படி ஒருத்தி நான்தான் என்று நினைத்திருந்தேன். அது மட்டும் நிலைத்தால் போதும், பேரெல்லாம் நீயே வைத்துக்கொள் என்று விட்டிருப்பேன்.

ஒருநாள் தொட்டியில் ஊதாப் பொட்டுப் பெட்டி குமிழி விட்டது. அக்கா சத்தம் கொடுக்கவில்லை. நான்தான் பார்த்தேன். விடுவேனா. "நம்ம வீட்டம்மா பெட்டி மூச்சு விடுதுங்கோ" என்று ஷெட்டு முழுக்கச் சொல்லிவிட்டு, உன்னைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தொட்டி முன்னால் நிறுத்தி, பொன்னாடை மாதிரி என் துண்டைப் போர்த்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நீ. பெட்டியைத் திறந்தால் ரப்பரில் முடி. ஒன்றில்லை, நாலைந்து. கொட்டுது, என்ன பண்ண, தண்ணி சரியில்லை என்றாய். சீயக்காய் அரைத்துத் தருகிறேன் என்றேன்.

பிறகுதான் என் வயிற்றெரிச்சல் இடம் மாறியது. அதுவரை உன்மேல், அப்புறம் பாப்பாத்தியக்காமேல். உன் பெட்டிகள் தொட்டிக்குப் போகும் முன் அக்கா தன் முந்தானையால் வளையத்தைத் துடைத்து, தானே மூடினாள். எனக்கு ஒருநாளாவது அப்படிச் செய்தாளா? சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தீர்கள். நீ லீவு போட்ட அன்றைக்கெல்லாம் அவளும் லீவு. புதுப் பொண்ணும் மாப்பிள்ளையும் எந்தச் சினிமாவுக்குப் போயிட்டு வந்தீங்க என்று கேட்டேன். நீ சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. நான் கேலியை நிறுத்தவில்லை, ஆனால் சோற்றை மட்டும் சுவரைப் பார்த்துத் தின்றேன்.

அப்புறம் நீ வரவில்லை. அப்புறம் சேதி வந்தது.

உன் வீட்டுக்கு நான் அழுதுகொண்டு போய் இறங்கினால், உன் சமையல்கட்டில் பாப்பாத்தியக்கா வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருக்கிறாள். சக்கரை டப்பா எந்தப் பலகையில் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் என்ன கேட்பதென்றாலும் அவளைக் கூப்பிட்டுத்தான் கேட்கிறார். அங்கேதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஊசி. அந்த ஊசிக்குத்தான் முடி கொட்டியது. லீவு நாளெல்லாம் அவள் உன்னோடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தது. பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பொறாமைப்படுகிறவளை நீ பார்த்திருக்க மாட்டாய். நான் அப்படித்தான் நின்றேன். செத்ததற்கு அழுதது பாதி, அவளிடம் சொல்லி என்னிடம் சொல்லாததற்கு அழுதது மீதி.

மாசக்கணக்கில் அக்காவோடு நான் பேசவில்லை. என் பெட்டி மூச்சு விட்டால் அவள் சத்தம் போடாமல் தள்ளிவிடுவாள், நானும் வாய் திறக்காமல் வாங்கிக்கொள்வேன். ஒருநாள் வேனில் வேறு இடமில்லாமல் அவள் பக்கத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. வேன் கிளம்பியதும் கேட்டேவிட்டேன். ஏனுங்க்கா, எங்கிட்ட ஏன் சொல்லல அவ, நான் என்ன ஊர்வாயா என்று.

அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கிட்டச் சொன்னா நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுக்குவியாம். பொறவு யாரு என்னையக் கேலி பண்ணுவா, அதுக்குத்தானே காலைல எந்திரிச்சு வேலைக்கு வாரேன்னு சொன்னா."

நல்ல பேச்சு. கேட்டதும் நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதையும் அவளிடம்தானே சொல்லியிருக்கிறாய். எனக்குச் சேர வேண்டிய பேச்சை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், நான் போய்க் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எனக்கென்ன கெடைச்சுது, சொல்லு. வாந்தி எடுக்கறதும், வலிக்குதுன்னு அழுவறதும் எங்கிட்ட. கண்ணத் தொடச்சுட்டு வந்து சிரிக்கறதெல்லாம் உங்கிட்ட. ஒருநாள் எங்கிட்டச் சிரிச்சிருப்பாளா அவ? நீ அங்க வாயத் தொறந்தா இங்க எனக்குப் பத்திக்கிட்டு வரும் சாமி."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நான் இத்தனை நாள் எரிந்த அதே எரிச்சல், அவள் முகத்திலும் அச்சு அசலாக அப்படியே. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும் வந்தது, ஆனால் அவள் அடக்கிக்கொண்டாள்.

இப்போது வேனில் நானும் அவளும்தான் பக்கத்துப் பக்கத்து சீட்டு. அவள் ஆஸ்பத்திரிக் கதை ஒன்று சொன்னால் நான் நீ சிரித்த கதை ஒன்று கொடுப்பேன். ஊசி போடுகையில் நீ அவள் விரலைக் கடித்தாயாம், பல் பட்ட இடத்தைக் காட்டினாள், எனக்கு அதிலும் கொஞ்சம் பொறாமைதான். அவள் பங்கை அநேகமாக எல்லாம் கொடுத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நானும் கொடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர.

நீ கடைசியாக வந்த நாள். எங்கள் மாமியார் டவுன் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, குழந்தை என்று சொல்லி ஏறின கதையை உனக்கு நடித்துக் காட்டினேன். கண்டக்டர் வந்து துண்டை விலக்குகிற இடம் வரைக்கும் வந்துவிட்டேன். நீ மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாய். கண்ணில் தண்ணீர். "போதும்டி, வயிறு வலிக்குது. மிச்சத்த நாளைக்குச் சொல்லு" என்றாய்.

கண்டக்டர் என்ன கேட்டார், மாமியார் என்ன சொன்னார் என்று பாப்பாத்தியக்கா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல மாட்டேன். அது உனக்கு வைத்த மிச்சம்.