பனிக்கு வழங்கிய சந்தேகத்தின் பலன்

நாள் 301. காலை 07.10

இதைக் கண்டெடுப்பவர் கவனத்திற்கு: இது யூரோப்பா நிலவின் பனிமேல் நிறுவப்பட்ட ஒற்றையாள் நிலையத்தின் பதிவு. எழுதுபவன் திருமாறன், முன்னாள் வழக்கறிஞன், தற்போது பனியியலில் முதலாண்டு முனைவர் பட்ட ஆய்வாளன். வெப்பமூட்டி இயல்பு. பனியின் ஒலிகளைப் பதிவுசெய்யும் உணரிகள் மூன்றும் இயங்குகின்றன. ஆய்வுக் கேள்வி முடிவாகவில்லை.

பூமியிலிருந்து நெறியாளர் பேராசிரியர் ஜெசிந்தா:
"வக்கீலய்யா, இன்னும் எத்தனை வாய்தா வாங்குவீங்க? ஆண்டு முடிவுல கப்பல் வரும். கேள்வி இல்லைன்னா அதுலயே ஏறி வந்துடணும். தரவு மலையா குவிஞ்சிருக்கு, ஒரே ஒரு கேள்வி கேளுங்களேன்!"

கவலை தோன்ற வேண்டிய இடம் இது எனக் குறித்துக்கொண்டேன். தோன்றவில்லை.

நாள் 309. மாலை 18.30

நிலையத்தின் அடியிலுள்ள உணரி இவ்வாரம் பலமுறை விரிசலொலியைப் பதிவுசெய்தது. தொலைவிலுள்ள இரண்டும் பதிவுசெய்யவில்லை. அடியிலுள்ளது நிலையத்தோடு பிணைக்கப்பட்டது. ஆகவே சார்புடைய சாட்சி. சந்தேகத்தின் பலனைப் பனிக்கு வழங்கி, ஒலிகளைத் தரவிலிருந்து நீக்கினேன்.

ஜெசிந்தா:
"பக்கத்து வீட்டுச் சண்டைக்கு அடுத்த ஊர்க்காரனையா சாட்சிக்குக் கூப்பிடுவீங்க? தரையைத் திறந்து பாருங்க."

கருத்து நியாயமானது. ஒத்திவைத்தேன்.

நாள் 322. காலை 06.45

தேநீர்க் குவளை மேசையில் தானாகச் சறுக்கி விழுந்தது. தரைத்தகட்டைத் திறந்தேன். கீழே பனி இல்லை, நீர். நீக்கிய ஒலிகளை மீட்டு வெப்பமூட்டியின் பதிவோடு ஒப்பிட்டேன். வெப்பம் ஏறியபோதெல்லாம் விரிசல்.

அனுப்பிய கேள்வி: ஒரு மனிதன் உயிர்வாழத் தேவையான வெப்பத்தை இப்பனி எவ்வளவு காலம் தாங்கும்?

தரையின் நிலையைக் குறிப்பிடவில்லை; கேள்விக்கு அது தொடர்பற்றது. கப்பல் வர ஆறு வாரம் ஆகும். ஓராண்டில் முதன்முறையாக, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

நாள் 323. காலை 09.10

ஜெசிந்தா:
"அடடே, இதுவல்லவா கேள்வி! ஏத்துக்கிட்டேன். இனி உங்களுக்கு வழி தெளிவு. ஆனா வெப்பத்தாலதான் விரியுதுன்னா, வெப்பத்தை நிறுத்தினா விரிசலும் நிக்கணும். அந்தப் பரிசோதனையை முதல்ல செஞ்சிடுங்க."

வெப்பம் தொடர்ந்தால் நிலையமும் பதிவுகளும் மூழ்கும். நிறுத்தினால் பதிவுகளாவது எஞ்சும். அறிவுறுத்தலும் அவ்வாறே உள்ளது.

09.40
வெப்பமூட்டியை அணைத்தேன்.

11.15
விரிசலொலி குறைகிறது. குவளையில் இருந்த நீர் உறைந்தது.

14.00
ஒலி நின்றது. ஐயத்திற்கு இடமின்றி நிரூபணம். விரல்கள் உணர்விழந்தன. அது குறித்தும் வருத்தம் ஏதும்

15.20. பூமியிலிருந்து வந்த செய்தி, தானியங்கிப் பதிவு

"வக்கீலய்யா, அங்க ஏன் குளிர் இப்படிக் காட்டுது? நான் செய்யச் சொன்னது மேசைமேல ஒரு பனிக்கட்டியை வெச்சுச் செய்யற சின்னப் பரிசோதனைங்க. கேட்குதா? மாறன்? திருமாறன்?"