நான்கு டிகிரித் தண்ணீர்

மார்ச் 3
ஆய்வகத்தை இரண்டாம் மாடிக்கு மாற்றுகிறார்கள். இன்று மூன்று அலமாரிகளைக் காலி செய்தேன். அடித்தட்டில் அந்தப் பழைய கண்ணாடித் தொட்டி. இருபத்திரண்டு வருடமாகியும் மூலையில் என் பழைய நண்பன் குச்சி பூசிய பசை விடவில்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை.

மார்ச் 4
குச்சி, நான் வைத்த பெயர். அவ்வளவு ஒல்லி, அவ்வளவு உயரம். இருவரும் ஒரே வருடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். தொட்டி நீருக்குள் மெல்லிய குழாய், குழாய்க்குள் சாயம் கரைத்த தண்ணீர். லேசர் ஒளி பட்டால் சாயத்தண்ணீர் சூடேறும், சட்டென விரியும், அந்த விரிவு ஒலியாகக் கிளம்பும். நீருக்குள் வைத்த மைக் அதைக் கேட்கும். ஒலி வந்து சேரும் நேரத்தைக் கணக்கிட்டு, கலங்கல் நீரில் மறைந்திருக்கும் குழாயைக்கூடப் படமாக வரையலாம்.

அவன் அந்த மைக்கை ஒரு ஓட்டை ஸ்பீக்கரோடு இணைத்தான். டிக், டிக், டிக்.

“கேளு, வெளிச்சம் பேசுது.”

“பேசலை, விக்குது.”

அன்று சிரித்தது போல அதன்பின் எந்த ஆய்வகத்திலும் நான் சிரித்ததில்லை.

மார்ச் 6
தலைவலி.

மார்ச் 9
பழைய பதிவேடு கிடைத்தது. அந்த நாளின் பக்கத்தைத் திறக்கப் பயம். அவன் வரைந்த படத்தைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. நான் செய்தபோது ஒலியே வரவில்லை. “சாயத்தோட சத்தமே இல்ல சார், இவன் படம் வெறும் இரைச்சல்” என்று துறைத்தலைவர் முன்னால் சொன்னேன். குச்சி வாதாடவில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். மாத முடிவில் ஆராய்ச்சியையே விட்டுப் போனான். இப்போது காது கேட்கும் கருவி பொருத்தும் கடை வைத்திருக்கிறானாம்.

மார்ச் 10
திறந்தேன். என் கையெழுத்து: ‘குமிழி போக நீரைக் கொதிக்க வைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில். வெப்பநிலை 4.’

ஐயோ.

நான்கு டிகிரியில் தண்ணீர் சூடேறினாலும் விரியாது. விரியாவிட்டால் ஒலி ஏது? அப்போது எனக்குத் தெரியாது, சரி. தெரிஞ்ச பிறகாவது இந்தப் பக்கத்தை ஏன் திறக்கலை? வகுப்புல நானே எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன் — பாவி, என் சுத்தம்தானே அவன் வாயை அடைச்சுது?

மார்ச் 11
தொட்டியில் ஃபிரிட்ஜ் தண்ணீரை நிரப்பி, சாயக் குழாயை இறக்கி, மைக்கை வேறொரு ஸ்பீக்கரோடு இணைத்து, லேசரைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். மௌனம். தண்ணீர் மெல்ல அறைச் சூட்டுக்கு வந்தது. பதினொரு மணிக்கு மெலிதாக ஒரு டிக். மதியம் அறை முழுக்கக் கேட்டது. அழுதுவிட்டேன்.

மார்ச் 12
இவர் சொன்னார்: “நம்ம கல்யாணத்துலேர்ந்து அவன் பேச்சை எடுக்காத மாசமில்ல. ஃபோனை எடு.” எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மார்ச் 15
பேசினேன். தப்பு என்னுடையது என்று சொல்லி முடிக்கும்வரை அவன் குறுக்கே பேசவில்லை.

“தண்ணி எத்தனை டிகிரி?”

“நாலு.”

“அப்ப என் படம் சரி” என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 21
நாளை காலை பத்துக்கு வருகிறான். “அந்த ஸ்பீக்கர் இன்னும் இருக்கு, எடுத்துட்டு வரேன்” என்றான். தொட்டியை மூன்று முறை கழுவி, நீர் நிரப்பி, மேசை மேலேயே விட்டு வந்தேன். ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை.