நல்லது கெட்டதுக்கு ஒரு கூடம்

நவம்பர் 11, திங்கள்
தூறல். மணலிப் பக்கத்துக் காற்று, ஒரே கேஸ் நாற்றம். இவருக்கு இருமல் அதிகம். இன்ஹேலர் வாங்கணும். ரேஷனில் பருப்பு வந்ததா கேட்கணும்.

கோயில் வேலை முடிந்த மாதிரிதான். பீடத்துக்குக் கல் பதிப்பது மட்டும் பாக்கி. பார்த்தால் சந்தோஷம் வரவேண்டும், எரிச்சல்தான் வருகிறது. கோயில்மேல் இல்லை, பக்கத்தில் கட்டிய சமுதாயக் கூடத்தின்மேல். இன்று பெயிண்டர் முகப்பில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: ‘சுப காரியங்களுக்கு மட்டும்.’

மட்டுமாம். வீடு வீடாக ஏறி நான் காணிக்கை கேட்டபோது சொன்ன வார்த்தை ‘நல்லது கெட்டதுக்கு ஒரு கூடம்’. ஃபாதரும் பூசையில் அதையேதான் சொன்னார். மீன்காரம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கொடுத்தார்கள். கெட்டது எங்கே போச்சு?

நவம்பர் 12, செவ்வாய்
சரியாகத் தூக்கமில்லை. சாம்பாரில் உப்பு ரெண்டு தடவை.

போன மழையில் எதிர்வீட்டு லூர்து அக்கா செத்தது ஞாபகம். எங்கள் ஹவுசிங் போர்டு படியில் சவப்பெட்டி திரும்பாது. நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி மூன்றாம் மாடியிலிருந்து இறக்கினோம். கீழே ரோட்டோரம் தார்ப்பாய், ஐஸ் பெட்டி. கன்டெய்னர் லாரிக்காரன் வழி கேட்டு ஹாரன் அடித்தபடி நின்றான். இவர் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய நெஞ்சு. அன்றிலிருந்து ஒரே பேச்சு.

“என்னிய ரோட்ல போட்டுடாத மே. ஆரன் சத்தம் கேட்டுகினே போவ சொல்றியா?”

வாயை மூடுங்கள் என்று திட்டினேன். திட்டிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன்.

நவம்பர் 14, வியாழன்
கட்டடக் கமிட்டி. பெண்கள் சார்பாக நான் ஒருத்தி. போர்டை மாற்றச் சொன்னேன். தலைவர் சேவியர் அண்ணன், மீன்பிடி லாஞ்சு ஓனர், முகம் கடுகடு. பிணம் கிடந்த இடத்தில் எவன் மணவறை போடுவான் என்றார். தை மாதம் அவர் பெண் ஜெனிபர் கல்யாணம்தான் கூடத்தில் முதல் நிகழ்ச்சி. அந்தக் கோபம் புரிகிறது. ஆனாலும் புரியவில்லை.

ஃபாதர் வழக்கம்போல ‘ஜெபிச்சு முடிவெடுப்போம்’. அவர் ஜெபித்து முடிப்பதற்குள் பெயிண்டு காய்ந்துவிடும்.

டீ ஆறிப்போய். பஜ்ஜி நன்றாக இருந்தது. கோபத்தில் நாலு தின்றேன்.

நவம்பர் 16, சனி
வெயில். துணி காயப்போட்டேன். திரும்பி வந்தால் இவர் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூடத்தைப் பார்க்கணுமாம். படி இறங்க மூச்சு ஏது? கீழ்வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டு நாற்காலியோடு தூக்க வைத்தார். அதே படி, அதே மாதிரி நாற்காலி. இவர் ராஜா மாதிரி சிரித்துக்கொண்டே இறங்கினார்.

கூடத்தில் சேவியர் அண்ணன் மின்விசிறிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். இவர் நாற்காலியை நட்டநடுவில் போடச் சொன்னார். சுற்றிப் பார்த்தார். நல்ல காத்து என்றார். ஹாரன் சத்தம் உள்ளே வரவில்லை.

பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: “சேவியரு, உன் பொண்ணு கல்யாணத்துக்கு இதே எடத்துல குந்திகினு பிரியாணி துன்னுவேன். அப்பால இதே எடத்துல படுத்துக்கிறேன். ஆளு அதே ஆளுதானே நைனா?”

திரும்பி வரும்போது நாற்காலியின் முன்கால் இரண்டையும் சேவியர் அண்ணனே பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு
பூசைக்குப் போனால் பெயிண்டர் ஏணிமேல். யார் சொன்னது என்று கேட்டேன். “சேவியரு அண்ணாதான். காலைலயே வந்து நின்னுகினு கீறாரு” என்றார். பழையதைச் சுரண்டியாச்சு. ‘நல்லது கெட்ட’ வரைக்கும் எழுதியிருந்தது. சேவியர் அண்ணன் என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. பூசை முழுக்க ஒரு வார்த்தைகூட மனதில் ஒட்டவில்லை. அந்த இரண்டாவது வார்த்தையை ஏன்தான் கேட்டேனோ. பயமாக இருக்கிறது. ஆண்டவரே, வரிசை மாற்றாதீர். போர்டில் எழுதின வரிசையிலேயே நடக்கட்டும், முதலில் நல்லது.

வந்ததும் இவருடைய பட்டுக்கரை வேட்டியைத் தேடி எடுத்து ஊறப்போட்டேன். கல்யாணம் தை மாதம்தானே, இப்போதே எதற்கு என்கிறார்.