அம்மா எழுதிய கணக்குப் பரீட்சை

அன்பு மகள் எழில்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், அந்த அயர்லாந்துக் குளிரில் உனக்கு இருமல் விட்டதா. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை பச்சை கட்டி நிற்கிறதாம், நான் போய்ப் பார்க்கவில்லை. இரண்டு மணிக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமே, எங்கே போவது. அறுப்பு மெஷினிலிருந்து விழுந்து வருகிற தையோடு மூன்று வருஷம், இடுப்புக்குக் கீழே இன்னும் அசைவில்லை. போனில் பேசினால் அவர் காதில் விழும் என்பதால்தான் அங்கே திரும்புகிற உன் தோழி பூவிழி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

பத்தாவதில் கணக்கு மட்டும் இரண்டு தடவை போனது உனக்குத் தெரியும். மூன்றாவது தடவை எழுதப் போன அன்று, அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்சம் அத்தையை வரச் சொல்லியிருந்தேன். அவர் அத்தையைக் கண்டபடி பேசி வாசலோடு அனுப்பிவிட்டார். நீ பாஸாயிட்டா வேலைக்குப் போயிடுவ, என் கதி என்னன்னு நெனச்சியா என்றார். நான் அவரைப் புரட்டிவிட்டு, கைக்கெட்ட தண்ணீரை வைத்துவிட்டு நன்னிலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஒரு செவ்வக நிலம், நீளம் அகலத்தைவிட நான்கு மீட்டர் அதிகம், பரப்பு அறுபது சதுர மீட்டர், அகலம் என்ன என்று கேள்வித்தாளில் கேட்டிருந்தான். அகலத்தை x என்று வைத்து x(x+4)=60 என்று எழுதினேன். அறுபதை இந்தப் பக்கம் கொண்டுவந்து x²+4x−60=0, அதைப் பிரித்தால் (x+10)(x−6)=0. அகலம் மைனஸ் பத்தாக இருக்க முடியாது, அதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதிக் கட்டம் போட்டேன். அடுத்தது வட்டத்துக்குத் தொடுகோடு. மையத்தையும் வெளிப்புள்ளியையும் சேர்த்து, நடுப்புள்ளி கண்டுபிடித்து, அதில் காம்பஸை ஊன்றும்போது மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவரைப் புரட்ட வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. காம்பஸ் நழுவி வட்டம் கோணிப்போனது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. படுக்கை நனைந்திருந்தது, முதுகில் உள்ளங்கை அகலம் சிவந்திருந்தது. துடைத்துவிட்டுக்கொண்டே அழுதேன், அவர் சுவர்ப் பக்கமே பார்த்திருந்தார். ஆனால் போனதற்கு நான் வருத்தப்படவில்லை, இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நாற்பத்து மூன்று மார்க். பாஸ். திருவாரூரில் ஒரு மாணவிகள் விடுதியில் மேற்பார்வைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், விண்ணப்பம் எழுதி அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். இப்போது அப்பா திட்டுவதில்லை, நான் வாசற்படியில் கால் வைத்தால் எப்ப வருவ என்று மட்டும் கேட்கிறார். திட்டினாலாவது போயிருப்பேன். வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் போடுகிற தேதி முடிந்துவிட்டது.

நீ லீவு போட்டு ஓடிவராதே, நீயாவது நல்லபடி இரு, நேரத்துக்குச் சாப்பிடு, மகராசியாக இருப்பாய். மறக்காமல் ஒன்று எழுது. உன் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எங்கே வைத்தாய்? பரண் முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

இப்படிக்கு
உன் அம்மா
ப. செவ்வந்தி