எண்ணிப் பார்க்கக் கரையேற்றிய பேத்தை மீன்

ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி.

எனக்கு எழுத வராது. போனில் பேசி வைக்கிறேன்.

பேத்தை மீன் விஷம். வலையில் விழுந்தால் கடலிலேயே வீசிவிடுவோம். இப்போ வேற கடலிலிருந்து வந்த பேத்தை வலைக்கு வலை விழுது. எவ்வளவு பெருகிடுச்சுன்னு கணக்கெடுக்க வந்த மீன்வளத்துறை ஆளுங்க, "வீசாம கரைக்குக் கொண்டாங்க"ன்னாங்க. என் மகன் அந்தோணி காசிமேட்டில் கூடை கூடையா இறக்கினான். எண்ணிட்டுப் போயிட்டாங்க. புதைக்க யாரும் வரலை, கூடைங்க அப்படியே கரையில் கிடந்துச்சு.

இன்னிக்கு நான் குடியிருக்கிற ஆவடியில், மார்க்கெட்டில் தலையை வெட்டித் தோலை உரிச்ச வெள்ளைச் சதை. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. "பேத்தைடா இது"ன்னேன். "இன்னா நைனா, யாவாரத்தக் கெடுக்கவே வந்துகீறியா?"ன்னு கடைக்காரன் சிரிச்சான்.

அந்தோணிக்குப் போன் போட்டேன். "எண்ணத்தான் குடுத்தேன் நைனா. போலீசு வந்தா என்னத்தான் மொதல்ல புடிப்பான். கம்முனு கெட."

கம்முனுதான் வந்தேன். சாயங்காலம் மாடிப்படியில் எதிர்வீட்டு ஐடி பொண்ணு, "மார்க்கெட்டில கடைசியா இருந்த மீன் எனக்குத்தான் தாத்தா, முள்ளே இல்ல"ன்னு பையைக் காட்டுச்சு. பிடுங்கிக் குப்பையில் கொட்டினேன். அழுதுகினே போச்சு.

அதுக்கு முன்னாடி வித்ததெல்லாம் இந்நேரம் எந்தெந்த ஊட்டுத் தட்டுல கீதோ. நான் எந்தக் கதவைத் தட்டுவேன்?